‘வேறு கோளில் உயிர் உண்டா?’ என்று கேட்கும் தம்பிக்கு என்ன பதில் சொல்வது?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த 24 வயது வாசகி எழுதிய கடிதம் இது. அவரை இனங்காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறார். தந்தை இல்லை. தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன. 18 வயதுத் தம்பி அம்மாயியோடு லயத்தில் இருந்துகொண்டு உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறான். அந்த லயத்திலிருந்து கணிதப் பிரிவுக்குப் போன முதல் பிள்ளை அவன். ஆறு மாதங்களுக்கு முன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருக்கிறான். அதை நடத்துபவர், கே2-18பி என்ற கோளில் உயிர்கள் இருப்பதை விஞ்ஞானிகளே உறுதிப்படுத்திவிட்டதாகவும், அங்குள்ளவர்களோடு தாம் தினமும் பேசுவதாகவும், தெரிவுசெய்யப்பட்டவர்களை அழைத்துப்போக அவர்கள் மலைநாட்டில் இறங்கப்போவதாகவும் சொல்கிறாராம். ‘தீட்சை’ பெறுவதற்காகத் தம்பி முதலில் வகுப்புக் காசு 45,000 ரூபாவைக் கட்டியிருக்கிறான். பிறகு, பரீட்சைக் கட்டணம் என்று சொல்லி அம்மாயியின் தோட்டை வாங்கி அடகு வைத்து இன்னும் 60,000 ரூபா கட்டியிருக்கிறான். இரண்டு வாரமாகப் பாடசாலைக்குப் போகவில்லை. இரவில் இஸ்தோப்பில் போர்வையோடு உட்கார்ந்து வானத்தையே பார்க்கிறான். காத்துச் சேட்டை என்று அம்மாயி தாயத்துக் கட்டியிருக்கிறார். மாமா கைத்தொலைபேசியை உடைத்துப் போடச் சொல்கிறார்.

“தம்பிக்குப் பைத்தியமா? வேறு கோளில் உயிர் இல்லை என்று விஞ்ஞானம் சொல்லிவிட்டதுதானே, அதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? கட்டிய காசு திரும்பக் கிடைக்குமா? அம்மாவை வரச்சொல்லவா?” என்று கேட்டிருக்கிறார். தம்பியின் கொப்பியில் இரண்டு பக்கங்களைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

அன்பு மகளுக்கு,

உங்கள் தம்பி இரண்டு காரியங்கள் செய்திருக்கிறான். வேறு கோள்களில் உயிர் உண்டா என்று கேட்டிருக்கிறான். உண்டு என்று சொல்லிக் காசு கேட்டவரை நம்பியிருக்கிறான். வீட்டிலுள்ள எல்லோரும் இந்த இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்த முடிச்சை அவிழ்க்காமல் அவனிடம் போனால், நீங்கள் அந்த ஆளைத் திட்டும்போதெல்லாம் தன் கேள்வியைத் திட்டுவதாகவே அவனுக்குக் கேட்கும். அப்புறம் அவன் அந்தக் குழுவுக்குள்தான் இன்னும் ஆழமாகப் போவான்.

அவன் கேட்பது பைத்தியக்காரக் கேள்வி அல்ல

விஞ்ஞானம் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டது என எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லவில்லை, மகள். ‘உண்டு’ என்றும் சொல்லவில்லை. பூமிக்கு வெளியே ஓர் உயிர்கூட இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. தேடல் மும்முரமாக நடக்கிறது. இன்றைய நிலை இவ்வளவுதான். நான் உளவளத் துணையாளர் என்பதால், இந்தப் பகுதியை எழுதுவதற்கு முன் ஒரு பௌதிகவியல் ஆசிரியரோடு உட்கார்ந்து ஒவ்வொரு தகவலையும் சரிபார்த்துக்கொண்டேன்.

சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றிவரும் கோள் முதன்முதலாக 1995இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்டறிந்த மிஷேல் மேயருக்கும் டிடியே கெலோவுக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் 6,000க்கும் மேல் உறுதிசெய்யப்பட்டுள்ளன. நமக்கு அருகிலும் தேடுகிறார்கள். செவ்வாயில் 2021 முதல் ஊர்ந்துகொண்டிருக்கும் பெர்சிவியரன்ஸ் வண்டி, 2024இல் சிறுத்தைத் தோல் போலப் புள்ளிகள் நிறைந்த ஒரு பாறையைக் கண்டது. பூமியில் அத்தகைய புள்ளிகளை நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு. உயிரின் உதவி இல்லாமலும் அவை உண்டாகலாம். அதனால் 2025 செப்டெம்பரில் வெளியான ஆய்வு ‘உயிரின் அடையாளமாக இருக்கக்கூடும்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. சனியின் துணைக்கோளான என்செலடஸ் தன் பனித்தரைக்குக் கீழேயுள்ள கடல்நீரை வெடிப்புகள் வழியே விண்ணில் பீச்சுகிறது. வியாழனின் துணைக்கோளான யுரோப்பாவை ஆராய 2024 ஒக்டோபரில் புறப்பட்ட விண்கலம் 2030இல் அங்கே போய்ச் சேரும். அந்த ஒரு கேள்விக்காகப் படித்தவர்கள் இத்தனை வருடம் காத்திருக்கிறார்கள். உங்கள் தம்பி இஸ்தோப்பில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இது நமக்கு எட்டாத வேலை என்றும் நினைக்க வேண்டாம். காலியில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும, நாஸா ஆய்வுகூடத்தில் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தவர். 1969இல் அவுஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லில், விண்வெளியிலேயே உருவான அமினோ அமிலங்கள் இருப்பதை 1970இல் அறிவித்தது அவருடைய குழுதான். அமினோ அமிலம் உயிர் ஆகாது. உயிரைக் கட்டும் கல் எனலாம். கல் இருக்கிறது, வீட்டை இன்னும் காணவில்லை. உங்கள் தம்பிக்கு இந்த மனிதரைத் தெரியுமா என்று கேட்டுப்பாருங்கள். தெரியாவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

இனி அந்த கே2-18பி. அது உண்மையான கோள். 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு); பூமியைவிட எட்டு மடங்குக்கு மேல் நிறையுடையது. அதன் வளிமண்டலத்தில் டைமெத்தைல் சல்பைட்டு என்ற வாயுவின் தடயம் தெரிவதாக 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அறிவித்தது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடலிலுள்ள நுண்பாசிகள்தான் உண்டாக்குகின்றன. செய்தி உலகமெங்கும் பரவியது உண்மை. ஆனால் அந்தக் குழுவே கண்டுபிடிப்பு என்று சொல்வதற்குரிய உறுதி இன்னும் வரவில்லை என்றது. அதே தரவுகளைத் திரும்ப ஆராய்ந்த வேறு குழுக்கள், அந்த வாயு இருப்பதாகக் கொள்ளப் போதிய ஆதாரம் இல்லை என்றன. உயிரே இல்லாத ஒரு வால்வெள்ளியிலும் அந்த வாயு காணப்பட்டிருக்கிறது. அந்த ஆள் செய்தியின் முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து விற்கிறார்.

இப்படி நடப்பது புதிதுமல்ல. 2012 டிசெம்பரில் பொலன்னறுவையில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களில் வேற்றுலக நுண்பாசிகளின் எச்சம் இருப்பதாக, கொழும்பில் பிறந்த பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். பார்த்த மற்ற ஆய்வாளர்கள், அவை பூமியின் நன்னீரில் சாதாரணமாக வாழும் பாசிகள் என்றும், அந்தக் கல் விண்கல் என்பதே நிறுவப்படவில்லை என்றும் மறுத்தார்கள். தம்பி இதைப் பற்றிப் பேச்செடுத்தால் மழுப்பாதீர்கள். இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள். பெரிய பேராசிரியரே சொன்னாலும் சரிபார்த்த பிறகுதான் ஏற்பார்கள் என்பது அவனுக்கு அதில் தெரியவரும். அவன் குழுவில் அப்படிச் சரிபார்க்க யாரையும் விடுவதில்லை.

கொப்பியின் வலப்பக்கம்

நீங்கள் அனுப்பிய படத்தில் இடப்பக்கம் முழுவதும் ‘அவர்கள் வருகிறார்கள்’ என்று வரிக்கு வரி எழுதியிருக்கிறான். அதைத்தான் எனக்குக் காட்ட விரும்பியிருக்கிறீர்கள். அதைப் படித்து நீங்கள் பயந்தது நியாயம். ஆனால் நான் அதிக நேரம் பார்த்தது வலப்பக்கத்தை.

அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் ஒளியாண்டு 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். அதை 124ஆல் பெருக்கி 1,173 இலட்சம் கோடி கிலோமீற்றர் என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே வொயேஜர் 1 விண்கலத்தின் வேகம், விநாடிக்கு 17 கிலோமீற்றர். வகுத்து, வருடமாக்கி, 22 இலட்சம் வருடங்கள் என்று விடை கண்டு, இரண்டு கோடு கிழித்திருக்கிறான். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. அதற்கும் கீழே, பென்சிலால், சின்ன எழுத்தில்: ‘அப்படியானால் எப்படி?’ பிறகு அதன் மேல் ஒரு கோடு. அழிறப்பரால் அழிக்கவில்லை. வெட்டி மட்டும் விட்டிருக்கிறான்.

மகள், அந்தப் பென்சில் வரியை எழுதிய பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நான் நம்பவில்லை. அவனுக்குள் சந்தேகம் இருக்கிறது. சொல்ல ஆளில்லை. தாய் குவைத்தில், அக்கா கொழும்பில், அம்மாயிக்கு ஒளியாண்டு தெரியாது. வகுப்பில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அவனோடு விண்வெளியைப் பற்றிப் பேசக் கிடைத்த ஒரே ஆள் அந்த ஏமாற்றுக்காரர்தான். அவர் அவனுக்கு விற்றது கோளை அல்ல என்றே நான் நினைக்கிறேன். ‘நீ தெரிவுசெய்யப்பட்டவன்’ என்ற வார்த்தையைத்தான் அவன் ஒரு இலட்சத்து ஐயாயிரம் ரூபா கொடுத்து வாங்கியிருக்கிறான்.

உடனே கவனிக்க வேண்டியது

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறொன்று. ‘நான் சீக்கிரம் போய்விடுவேன், அழக்கூடாது’ என்று அம்மாயியிடம் சொன்னானாம். அதை இரண்டாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். 1997இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஒரு வால்வெள்ளியின் பின்னால் வரும் விண்கலம் தங்களை ஏற்றிப்போகும் என்று நம்பிய குழுவொன்றைச் சேர்ந்த 39 பேர் ஒன்றாக உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘போய்விடுவேன்’ என்பதன் பொருளை ஊகிக்காமல் நேராகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: “போவது என்றால் என்ன தம்பி? சாவதைப் பற்றி நினைக்கிறாயா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தவறு. கேட்கப்படாமல் இருப்பதுதான் ஆபத்து.

அவன் ஆம் என்றால், அல்லது பதில் சொல்லாமல் திரும்பிக்கொண்டால், தனியாக விடாதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். யாருக்கும் கேட்காத குரல் அவனுக்குக் கேட்பது, வானொலியும் தொலைக்காட்சியும் தனக்கே செய்தி சொல்வதாக நம்புவது, நாட்கணக்கில் தூங்காமல் சாப்பிடாமல் இருப்பது, வீட்டாரே தன்னைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று மிரள்வது ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆதார வைத்தியசாலையில் அல்லது மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநல வைத்தியரைப் பார்க்க வேண்டும். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு நீங்களே கொழும்பிலிருந்து அழைத்துப் பேசலாம். இவை ஒன்றும் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் தொடங்கினால் போதும்.

கிளினிக்குக்குப் போனால் உங்களுக்கு வரும் சம்பந்தம் தட்டிப்போகும் என்று மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நோயாளியின் விபரத்தை வைத்தியர் வெளியில் சொல்லக்கூடாது. காய்ச்சலுக்குப் பார்க்கும் வைத்தியருக்குள்ள கடமையே இவருக்கும் உண்டு. தம்பியின் உயிரையும் உங்கள் கல்யாணத்தையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லும் யோசனையை, மாமா எத்தனை அன்போடு சொன்னாலும், நீங்கள் ஏற்க வேண்டாம்.

தாயத்து அவன் கையில் இருந்துவிட்டுப் போகட்டும். அம்மாயியிடம் இருந்தது அது, அதைக் கொடுத்திருக்கிறார். பேயோட்டுகிறோம் என்று யாராவது அவனை அடிக்கவோ பட்டினி போடவோ வந்தால் மட்டும் குறுக்கே நில்லுங்கள்.

பணமும் முறைப்பாடும்

காசு திரும்பக் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். கிடைக்காமலும் போகலாம். ஆனாலும் முறைப்பாடு செய்ய வேண்டும். பொய் சொல்லிப் பணம் பறிப்பது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். ‘நானே விரும்பிக் கொடுத்தேன்’ என்று தம்பி நினைப்பதால் அது குற்றமில்லை என்று ஆகிவிடாது. ஏமாற்றப்பட்டவர்கள் எல்லோருமே விரும்பித்தான் கொடுக்கிறார்கள்.

கைத்தொலைபேசியை யாரும் உடைக்க வேண்டாம். குரல் பதிவுகள், கணக்கிலக்கம், மிரட்டல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதுதான் உங்கள் சாட்சி. வங்கி வைப்புச் சீட்டுகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணம் போன கணக்கைப் பற்றி வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள். முறைப்பாட்டைப் பிரதேச பொலிஸ் நிலையத்தில் கொடுக்கலாம். தமிழில் வாக்குமூலம் கொடுப்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதியதை வாசித்து விளக்காமல் நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். ‘கட்டணம் கட்டினால் முழுப் பணத்தையும் மீட்டுத் தருகிறோம்’ என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் அது இரண்டாவது வலை.

அடகுச் சீட்டில் தவணைத் திகதி என்னவென்று இன்றே பாருங்கள். குற்றவாளியைப் பிடிப்பதைவிட அம்மாயியின் தோட்டை மீட்பது உங்கள் கைக்கு எட்டக்கூடிய காரியம்.

தம்பிக்கு 18 வயது. பணம் கட்டியவனும் அவன்தான். ஆகவே முறைப்பாட்டை அவன் கொடுப்பதே பலமானது. அவனுக்குத் தெரியாமல் நீங்கள் பொலிஸுக்குப் போகலாம், தடையில்லை. ஆனால் ‘உன் குடும்பமே உன்னை எதிர்க்கும்’ என்று அந்த ஆள் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார். நீங்கள் அதை மெய்யாக்கிவிடுவீர்கள். உயிருக்கு ஆபத்து இல்லையென்று உறுதியானால் ஒரு வாரம் பொறுத்து, அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். அந்தக் குழுவில் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அம்மாவை இப்போதே வரச்சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் வரும் கடன், அவன் தலையில் இன்னொரு குற்றமாக ஏறும். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தால் கதை வேறு. அப்போது வந்தே ஆக வேண்டும். எப்படியானாலும் அவரிடம் மறைக்காதீர்கள். தாய்க்குத் தெரியாமல் இதைச் சுமக்க உங்களுக்கும் 24 வயதுதான் ஆகிறது.

வீட்டுக்குப் போகும்போது

அடுத்த போயா விடுமுறை வரை தள்ளாமல் இந்த வாரமே ஒரு நாள் லீவு கேட்டுப் போங்கள். போனவுடன் காசைப் பற்றிப் பேச வேண்டாம். முதலில், கொப்பியைப் படமெடுத்து எனக்கு அனுப்பியதை அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவன் கோபப்படட்டும். அவனிடமிருந்து உண்மையை எதிர்பார்க்கிறவர் நீங்கள். உங்கள் பக்கமிருந்து தொடங்குவதுதான் முறை.

இரவில் அவனோடு இஸ்தோப்பில் உட்காருங்கள். மூட்டம் விலகியிருந்தால் சிங்க இராசியைக் காட்டச் சொல்லுங்கள். மாசி, பங்குனியில் அது முன்னிரவிலேயே கிழக்கே ஏறி நிற்கும். அதன் வால் முனையில் இருப்பது உத்திர நட்சத்திரம். பங்குனி உத்திரத்தன்று நிலா போய் நிற்கும் பக்கம். கே2-18பி அதற்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரியாது. அம்மாயியையும் கூப்பிடுங்கள், உத்திரம் அவருக்குத் தெரிந்த பெயர். அந்தக் கோளிலிருந்து 2025இல் தொலைநோக்கிக்கு வந்த ஒளி, 1901 வாக்கில் புறப்பட்டது. நம்முடைய பூட்டன்மார் இந்த மலையில் தேயிலைக்குக் காடு வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒளியைவிட விரைவாக எந்தச் செய்தியும் போகாது என்று அவன் பௌதிகவியலில் படித்திருப்பான். இன்று ஒரு கேள்வி அனுப்பினால் பதில் வர 248 வருடங்கள் ஆகும். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். 124ஐ இரண்டால் பெருக்க அவனுக்குத் தெரியும். தினமும் பேசுகிறார் என்பது பொய் என்று உங்கள் வாயால் கேட்டால் எதிர்த்து வாதாடுவான். தன் கையால் கண்டுபிடித்தால் ஒதுக்க முடியாது.

கொப்பியின் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை தம்பி, ஒருதரம் செய்து காட்டுகிறாயா?” என்று கேளுங்கள். வெட்டிய வரிக்கு வரும்போது அவன் நிறுத்துவான். நீங்கள் ஒன்றும் பேசாமல் பென்சிலை அவன் பக்கம் நகர்த்தி வையுங்கள்.